கூட்டாளிகளின் பிணக்கில் நிறுவனத்தைக் காப்பது எப்படி?

கேள்வி: நானும் என் கல்லூரி நண்பரும் 2012-ல் திருப்பூரில் கூட்டாகத் தொடங்கிய பின்னலாடை ஏற்றுமதித் தொழிலை 2017-ல் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினோம். ஆளுக்கு 50 சதவீதப் பங்கு. இயக்குநர்களும் நாங்கள் இருவர் மட்டுமே. உற்பத்தி அவர் பொறுப்பு. பையர்கள், வங்கி, கணக்கு ஆகியவை என் பொறுப்பு. ஒருவர் விலகினால் பங்குகளை மற்றவருக்கே விற்க வேண்டும் என்று வாய்ப்பேச்சாக முடிவு செய்திருந்தோம். எதையும் எழுதி வைக்கவில்லை. சென்ற ஆண்டு அவருடைய மனைவியின் தம்பி பக்கத்திலேயே ஒரு யூனிட் தொடங்கினார். எங்கள் பழைய பையர் ஒருவரின் ஆர்டர் அங்கே தைக்கப்படுவதாகத் தெரிகிறது. கேட்டால், கம்பெனிப் பணத்தில் நான் வீட்டுச் செலவு செய்வதாகத் திருப்பிக் குற்றம் சாட்டுகிறார். போன வாரம், தன் கையெழுத்து இல்லாமல் எந்தப் பணமும் வெளியே போகக் கூடாது என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். எங்களை நம்பி 140 பேர் வேலை செய்கிறார்கள். அவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்க முடியுமா? என் மனைவி பெயரில் புதுக் கம்பெனி தொடங்கி ஆர்டர்களை அதற்கு மாற்றலாமா? காவல் துறையில் புகார் கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை தருகிறேன். ஆனால் அவற்றுக்கு முன்பாக, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் வங்கிக் கடிதத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நண்பரை நீக்குவதைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்குச் சில வாரங்களாவது அவகாசம் உண்டு. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு அந்த அவகாசம் இல்லை.

இரண்டு இயக்குநர்களிடமிருந்து ஒன்றுக்கொன்று முரணான கடிதங்கள் வந்தால், யார் பக்கம் நியாயம் என்று வங்கி மேலாளர் ஆராயப் போவதில்லை. இருவரும் கையெழுத்திட்ட கடிதமோ, இயக்குநர் குழுவின் தீர்மானமோ, நீதிமன்ற உத்தரவோ வரும்வரை கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்தி வைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான வழி. ஆகவே கோபத்தில் நீங்களும் ஒரு எதிர்க் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். இன்றைக்கு உங்கள் நண்பர் கேட்டிருப்பது கூட்டுக் கையெழுத்து மட்டுமே. எதிர்க் கடிதம் போனால் கணக்கே முடங்கும். முடங்கினால் என்ன நடக்கும் என்பதை ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றாலும், சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியையும் இ.எஸ்.ஐ. தொகையையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதிப் பங்கைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படும். சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் பின்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகள் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி வரும் வழக்கில், கையெழுத்திட்டவர் மட்டுமல்லாமல் 141-ஆம் பிரிவின் வழியாக நிர்வாகத்துக்குப் பொறுப்பான இயக்குநர்களும் சேர்க்கப்படுவார்கள். பேக்கிங் கிரெடிட் கடன் (ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வங்கி முன்கூட்டித் தரும் கடன்) 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு, அடமானச் சொத்தை வழக்குப் போடாமலே வங்கி கைப்பற்ற வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அடமானத்தில் இருப்பது பெரும்பாலும் உங்கள் இருவரின் வீட்டுப் பத்திரங்களாகவே இருக்கும். கணக்கை நிறுத்தியவர் யார் என்று எந்த அதிகாரியும் அப்போது கேட்கப் போவதில்லை.

சட்டத்தின் பார்வையில் கம்பெனி என்பது உங்கள் இருவரிடமிருந்தும் வேறான மூன்றாவது ஆள். அதற்கென்று சொத்து உண்டு, கடன் உண்டு, ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதி எண் உண்டு, பையர் தந்த தரச்சான்று உண்டு. அதில் பாதி உங்களுடையது என்று நீங்கள் நினைப்பது இயல்பு. ஆனால் உங்களுக்குச் சொந்தமானவை அதன் பங்குகள்தாம், அதன் தையல் மெஷினோ ஆர்டரோ அல்ல. வரும் மாதங்களில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் பார்த்து, இது கம்பெனியின் நன்மைக்காகச் செய்ததா, கூட்டாளியைத் தோற்கடிக்கச் செய்ததா என்ற ஒரே கேள்வியைத்தான், கம்பெனிப் பிணக்குகளை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் கேட்கும். இந்தப் பதிலில் நான் சொல்லும் மற்ற அனைத்தும் இந்தக் கேள்வியிலிருந்தே பிறப்பவை.

எனவே முதல் வேலையாக நண்பருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். குற்றச்சாட்டு எதுவும் அதில் வேண்டாம். நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதைத் தீர்க்கும் வழியைத் தனியே பேசுவோம், அதுவரை கம்பெனி ஓடுவதற்கு இடைக்கால ஏற்பாடு ஒன்றை எழுதிக்கொள்வோம் என்ற அளவில் அது நிற்கட்டும். அவர் கேட்கும் கூட்டுக் கையெழுத்தை நீங்களாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். வங்கிப் பொறுப்பு இத்தனை ஆண்டுகளாக உங்களிடம் இருந்ததால் இது உங்களுக்குக் கசக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள்மீது அவர் சுமத்தியிருக்கும் பழி பணத்தைப் பற்றியது. கூட்டுக் கையெழுத்து அந்தப் பழியிலிருந்து உங்களையே முதலில் காக்கும். அதே சமயம் கூட்டுக் கையெழுத்தே கழுத்துக்கயிறு ஆகிவிடாதபடி சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., வரிகள், மின் கட்டணம், வங்கி வட்டி, ஏற்கெனவே கைவசமுள்ள ஆர்டர்களுக்கான நூல், சாயம், ஜாப் ஒர்க் தொகைகள் ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கி, அவற்றுக்கான கையெழுத்தை இருவரில் யாரும் இரண்டு வேலை நாட்களுக்கு மேல் தாமதப்படுத்தக் கூடாது என்று எழுதுங்கள். இயக்குநர் சம்பளம் இருவருக்கும் இப்போதுள்ள அளவிலேயே நிற்க வேண்டும். சொந்தச் செலவு எதுவும் கம்பெனிக் கணக்கில் வரக் கூடாது. புதுக் கடன், புதிய மெஷின், உறவினர் நிறுவனங்களுடன் வரவு செலவு ஆகிய எதற்கும் இருவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. இடையில் கருத்து வேறுபட்டால் முடிவு சொல்ல, இருவரும் மதிக்கும் ஒருவரைக் குறிப்பிடுங்கள். ஓய்வுபெற்ற வங்கியாளரோ, ஊரில் மூத்த ஏற்றுமதியாளர் ஒருவரோ இதற்குப் பொருத்தமானவர். கம்பெனியின் தணிக்கையாளரை அந்த இடத்தில் அமர்த்த வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 144-ஆம் பிரிவு அவர் நிர்வாகப் பணி செய்வதைத் தடுக்கிறது, அவருடைய சுதந்திரமும் உங்களுக்கு நாளைக்குத் தேவைப்படும்.

இந்த ஏற்பாட்டுக்கு 90 நாள் என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. ஒருவேளை நண்பர் கையெழுத்திட மறுத்தாலும் அந்த மின்னஞ்சல் வீணாகாது. கம்பெனியை நடத்த நியாயமான வழியை முன்வைத்தவர் யார், மறுத்தவர் யார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இருக்க முடியாது.

அடுத்தது ஆவணங்கள். இயக்குநர் என்ற முறையில் கணக்குப் புத்தகங்களை அலுவலக நேரத்தில் பார்வையிடும் உரிமையைக் கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு உங்களுக்கும் தருகிறது, அவருக்கும் தருகிறது. ஆகவே டேலி கணக்கு மென்பொருளின் பாஸ்வேர்டை மாற்றி அவரை வெளியே நிறுத்தாதீர்கள். அவர் உற்பத்திக் கணக்கைப் பூட்டி வைத்தாலும் நீங்கள் அதே வழியில் போகாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது செய்யப்பட்டது என்ற தடம் அழியாமல் பதிவாக வேண்டும் என்பது விதி. பழைய வவுச்சரை இப்போது திருத்துவது யாருக்கும் நன்மை தராது. அன்றைய தேதி வரையிலான முழுக் கணக்கையும் பிரதி எடுத்து, ஒன்றைத் தணிக்கையாளரிடம் இருவரின் பார்வையிலும் ஒப்படைத்துவிடுங்கள். நீங்கள் வீட்டுச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதியிருந்தால், தொகை சிறியதோ பெரியதோ, அதை மறைக்காமல் உங்கள் பெயரில் பற்று எழுதித் திருப்பிக் கட்டிவிடுங்கள். இன்றைய தேதியில், வெளிப்படையாக, தணிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். தூய கைகளோடு வருகிறவருக்கே நியாயம் வழங்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயம் விருப்பத்துடன் பயன்படுத்தும்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுச் சான்றை உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. இணையதளப் பெயரும் மின்னஞ்சல் நிர்வாகக் கணக்கும் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். தனிநபர் பெயரில் இருந்தால் அவற்றைக் கம்பெனியின் பெயருக்கு மாற்றும்படி இருவரும் சேர்ந்து கேளுங்கள். பையரின் ஒரு மின்னஞ்சல் உரிய நேரத்தில் கிடைக்காததால் ஷிப்மெண்ட் தவறினால் அந்த நட்டம் உங்கள் இருவருக்கும்தான். டிஜிட்டல் கையொப்பச் சாவிகள் பல கம்பெனிகளில் கணக்காளரின் மேசை அறையில் கிடக்கின்றன. உங்களுடையதை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவருடையதை அவரிடம் எழுத்துமூலம் ஒப்படையுங்கள். ஒருவர் சாவியைக் கொண்டு மற்றவர் ராஜினாமா செய்ததாகப் படிவம் ஏற்றிய வழக்குகள் உண்டு. அது போலி ஆவணக் குற்றம், அதன் பிறகு சமரசத்துக்கு இடமே இருக்காது. முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்த வெற்றுக் காசோலைகளையும் எண்ணிக் குறித்து ரத்து செய்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. இயக்குநரைச் சாதாரணத் தீர்மானத்தால் நீக்கக் கம்பெனிகள் சட்டத்தின் 169-ஆம் பிரிவு வழி செய்கிறது. சிறப்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும், நீக்கப்படுபவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், எதிர்ப்பு வாக்குகளைவிட ஆதரவு வாக்குகள் கூடுதலாக இருக்க வேண்டும். ஆளுக்குப் பாதிப் பங்கு என்ற நிலையில் வாக்குகள் சமமாகி, தீர்மானம் விழுந்துவிடும். தலைவருக்குக் கூடுதல் வாக்கு உண்டா என்று உங்கள் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் எனப்படும் உள்விதிகளைப் பாருங்கள். இருந்தாலும், அதைக் கொண்டு சம பங்காளியை வெளியேற்றுவதைத் தீர்ப்பாயம் எளிதில் ஒப்புக்கொள்ளாது. கூட்டு வணிகமாகத் தொடங்கி, பரஸ்பர நம்பிக்கையில் வளர்ந்து, பின்னர் கம்பெனியான உங்களுடையதைப் போன்ற நிறுவனங்களைக் கூட்டாண்மைக்கு இணையானவையாகப் பார்க்கும் வழக்கம் சட்டத்தில் உண்டு. அப்படிப்பட்ட கம்பெனியில் ஒருவரை நிர்வாகத்திலிருந்து வெளியேற்றுவதே ஒடுக்குமுறையாகக் கருதப்படலாம்.

குறுக்கு வழிகள் இரண்டு உங்கள் காதுக்கு வரும். முதலாவது, 12 மாதங்கள் எல்லா இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கும் வராத இயக்குநரின் பதவி 167-ஆம் பிரிவின்படி தானாகக் காலியாகிவிடும் என்பதைப் பிடித்துக்கொண்டு, அறிவிப்பு அனுப்பாமலே கூட்டம் நடந்ததாக மினிட்ஸ் எனப்படும் கூட்டக் குறிப்பு எழுதுவது. இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தது இரண்டு இயக்குநர்கள் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கை, நிறையும். இருப்பதே இருவர் என்னும்போது, அவர் வராத கூட்டம் கூட்டமே அல்ல.

இரண்டாவது குறுக்கு வழி இன்னும் ஆபத்தானது. புதிதாகப் பங்குகளை வெளியிட்டு நீங்களே எடுத்துக்கொண்டு பெரும்பான்மை ஆகிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்புகளை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. முதல் வழக்கு நம் நீலகிரியில் கேத்தியில் இருந்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியைப் பற்றியது. 1981-ல் தீர்ப்பு வந்தது. இந்தியப் பங்குதாரர்களுக்கும் வெளிநாட்டுத் தாய்க் கம்பெனிக்கும் இடையே பிணக்கு இருந்த நேரத்தில் உரிமைப் பங்குகள் (இருக்கும் பங்குதாரர்களுக்கே முதலில் தரப்படும் புதிய பங்குகள்) வெளியிடப்பட்டன. வெளிநாட்டவருக்கான அறிவிப்புக் கடிதம், முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பாகப் பதில் சொல்ல அவகாசம் கிடைக்காதபடி தாமதமாகச் சென்று சேர்ந்தது. பங்கு வெளியீட்டுக்குக் கம்பெனியின் தேவை சார்ந்த காரணம் இருந்ததால் நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. ஆனால் மறுதரப்புக்கு வாய்ப்பு கிடைக்காததால் இந்தியப் பங்குதாரர்கள் அடைந்த ஆதாயத்தை, எட்டரை லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையாகக் கணக்கிட்டு, திருப்பித் தரச் சொன்னது. இரண்டாவது, டேல் அண்டு கேரிங்டன் கம்பெனி வழக்கில் 2004-ல் வந்த தீர்ப்பு. அங்கே மேலாண்மை இயக்குநர் தனக்குத்தானே பங்குகளை ஒதுக்கிக்கொண்டு, பெரும்பான்மையாக இருந்தவரைச் சிறுபான்மை ஆக்கினார். கம்பெனியின் நன்மையைக் காரணமாகக் காட்ட முடியாத அந்த ஒதுக்கீடு செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இரண்டு வழக்கிலும் நடந்தது பங்கு வெளியீடுதான். நோக்கமும் நேர்மையான அறிவிப்பும் விளைவை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

புதுக் கம்பெனி பற்றிய கேள்விக்கு என் பதில், வேண்டவே வேண்டாம் என்பதுதான். நண்பர் செய்வதாக நீங்கள் சந்தேகிக்கும் காரியத்தையே நீங்களும் செய்ததாக ஆகிவிடும். அவர் மீதான உங்கள் வழக்கு அன்றோடு முடிந்துவிடும். 166-ஆம் பிரிவின்படி இயக்குநர் எவரும் கம்பெனியின் நலனுக்கு முரணான நிலையில் ஈடுபடக் கூடாது. தனக்கோ, உறவினருக்கோ, கூட்டாளிகளுக்கோ, தன்னைச் சார்ந்தவர்களுக்கோ முறையற்ற ஆதாயம் தேடக் கூடாது. தேடினால் அந்த ஆதாயத்துக்கு இணையான தொகையைக் கம்பெனிக்குத் தர வேண்டும். உங்கள் மனைவியின் பெயரில் தொடங்கினாலும் இதே விதிதான். தொழில் முறையிலும் அது பயனற்றது. பையரின் தணிக்கை, தரச்சான்றுகள், வங்கியில் உள்ள கடன் வரம்பு ஆகிய எதுவும் கம்பெனியை விட்டு உங்களோடு நடந்து வராது.

அதே 166-ஆம் பிரிவுதான் மைத்துனர் யூனிட் விஷயத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறவினர் நிறுவனங்களோடு கம்பெனி செய்யும் வரவு செலவுகளைக் கட்டுப்படுத்தும் 188-ஆம் பிரிவுக்கு, யார் உறவினர் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது; மனைவி அதில் உண்டு, மனைவியின் தம்பி இல்லை. ஆகவே அந்த யூனிட்டில் நண்பரின் மனைவிக்குப் பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது கூட்டு வணிகமா, தனிநபர் நிறுவனமா என்பதை அதன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொண்டு பொதுத் தளத்திலேயே அறியலாம். மைத்துனர் பெயரில் மட்டும் இருந்தாலும், சார்ந்தவர்களுக்கு ஆதாயம் தேடுவதைத் தடுக்கும் 166 நிற்கிறது. ஆனால் அதற்கு ஆர்டர் உண்மையிலேயே திருப்பப்பட்டதா என்று நிரூபிக்க வேண்டும். பையர் தானாகவே விலை குறைவு என்று அங்கே போயிருக்கலாம். உங்கள் லைன்கள் நிறைந்திருந்ததால் நண்பர் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்திருக்கலாம். சாம்பிள் யார் தைத்தது, விலை மதிப்பீடு யாருடைய மின்னஞ்சலிலிருந்து போனது, உங்கள் துணி அந்தப் பக்கம் டெலிவரி சலானில் சென்றதா என்று பார்த்த பிறகே குற்றச்சாட்டை எழுத்தில் வையுங்கள்.

காவல் துறைப் புகாரைப் பொறுத்தவரை, கையாடலுக்கும் போலி ஆவணத்துக்கும் தெளிவான ஆதாரம் கிடைத்தால் புகார் கொடுப்பது உங்கள் உரிமை. பேரத்துக்கு அழுத்தம் கொடுக்கும் கருவியாக அதைப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். சிவில் பிணக்குகளைக் குற்ற வழக்குகளாக மாற்றும் போக்கு வணிக வட்டாரங்களில் வளர்ந்து வருவதை 2006-ல் இந்தியன் ஆயில் எதிர் என்.இ.பி.சி. இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவான செய்தி வங்கிக்கும் பையருக்கும் போய்ச் சேர ஒரு நாள் போதும்; அதன் விலையைக் கம்பெனிதான் கொடுக்கும்.

இடைக்கால ஏற்பாட்டுக்கு அவர் இணங்காமல், சம்பளமே தடைப்படும் நிலை வந்தால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகத் தயங்காதீர்கள். 241, 242 பிரிவுகளின்படி மனுச் செய்ய 10 சதவீதப் பங்கு போதும். உங்களிடம் பாதி இருக்கிறது. அங்கே முதலில் கேட்க வேண்டியது அவரை நீக்கும் உத்தரவை அல்ல. பங்குகளும் இயக்குநர்களும் இன்றுள்ளபடியே நிற்க வேண்டும், அவசியப் பட்டுவாடாக்களுக்கு வங்கிக் கணக்கு இயங்க வேண்டும், தேவையானால் கண்காணிப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற இடைக்கால நிவாரணங்களைக் கேளுங்கள். 242(4) அதற்கு இடம் தருகிறது. நண்பர் முந்திக்கொண்டு உங்களுக்குத் தெரியாமல் உத்தரவு வாங்கிவிடக் கூடாது என்றால் கேவியட் எனப்படும் முன்னெச்சரிக்கை மனு ஒன்றைத் தாக்கல் செய்து வைக்கலாம். மனுக்களை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகும் என்பதே நடைமுறை. பல வழக்குகளில் முடிவும் ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ளும்படியான உத்தரவாகத்தான் இருக்கிறது. அதே முடிவை நீங்களே பேசி அடைந்தால் அந்த ஆண்டுகள் மிச்சம்.

அந்தப் பேச்சில் உங்கள் வாய்மொழி ஒப்பந்தத்தை அதிகம் நம்ப வேண்டாம். இரண்டு சகோதரர்களின் குடும்பங்கள் 25, 25 என்று 50 பங்குகளையும் வைத்திருந்த ஒரு தனியார் கம்பெனியில், விற்பதானால் தன் கிளைக்கே முதலில் தர வேண்டும் என்று பேசி வைத்திருந்தும் ஒருவர் மறு கிளைக்கு விற்றுவிட்டார். ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்ற அந்த வழக்கில், உள்விதிகளில் எழுதப்படாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரர்களையோ கட்டுப்படுத்தாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுக்குள்ள ஆறுதல், தனியார் கம்பெனி என்பதால் உங்கள் உள்விதிகளில் பங்கு மாற்றத்துக்குக் கட்டுப்பாடு ஏதேனும் இருந்தே தீரும். அந்தப் பிரிவை வழக்கறிஞரிடம் படித்துக் காட்டுங்கள்.

பங்கின் விலையைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் கணிக்கட்டும். அதிலும் உடன்பாடு வராவிட்டால், அண்ணன் பாகம் பிரிக்கத் தம்பி முதலில் எடுத்துக்கொள்ளும் நம் குடும்ப வழக்கத்தைப் போல, ஒருவர் விலை சொல்ல, அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் முடிவு செய்யும் முறை உண்டு. விலை சொல்பவர் நேர்மையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பது இதன் பலம். கையில் பணம் தயாராக உள்ளவருக்கே இது சாதகம் என்பதால், வாங்குபவருக்குப் பணம் திரட்ட நான்கைந்து மாத அவகாசமோ தவணையோ கொடுத்தால்தான் இது நியாயமாக இருக்கும்.

வெளியேறுபவர் அடுத்த தெருவிலேயே அதே தொழிலைத் தொடங்கிவிடுவாரோ என்ற கவலை நியாயமானது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது. தொழிலின் நற்பெயரை விற்கும்போது நியாயமான எல்லைக்குள் விதிக்கும் தடைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் பங்கு விலையோடு நற்பெயருக்கான விலையையும் தனியாகக் குறிப்பிட்டு, இன்ன பையர்களிடம், இன்ன காலம் வரை என்று எல்லையோடு எழுதச் சொல்லுங்கள்.

பலரும் மறந்துவிடும் ஒன்று தனிநபர் உத்தரவாதம். இயக்குநர் பதவியை விட்டாலும் பங்கை விற்றாலும் வங்கிக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அப்படியே நிற்கும். இனி வரும் கடன்களுக்கு உத்தரவாதத்தைத் திரும்பப் பெற ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு இடம் தந்தாலும், வங்கிகளின் உத்தரவாதப் பத்திரங்கள் பெரும்பாலும் அதற்கு நிபந்தனை விதிக்கின்றன; ஏற்கெனவே உள்ள கடனிலிருந்து விடுபட வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம். விலகுவது நீங்களோ அவரோ, வங்கி விடுவிப்புக் கடிதமும் வீட்டுப் பத்திரமும் கைக்கு வந்த அன்றுதான் பங்கு மாற்றப் படிவம் கைமாற வேண்டும்.

வரும் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக் கூட்டம் நடந்தாக வேண்டும். கணக்கறிக்கையில் இரண்டு இயக்குநர்களும் கையெழுத்திட வேண்டியிருக்கும். பிணக்கைக் காரணமாக்கி இதைத் தள்ளிப் போட்டால் கணக்கறிக்கைக்கும் ஆண்டறிக்கைக்கும் தனித்தனியே நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் 164-ஆம் பிரிவின்படி இருவருமே ஐந்தாண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாத தகுதியிழப்புக்கு ஆளாவீர்கள். இதை நண்பருக்கு எழுதும் அந்த முதல் மின்னஞ்சலிலேயே குறிப்பிடுங்கள். இருவருக்கும் ஒரே மாதிரியான இழப்பு என்பதால் அவர் இதற்கு மறுப்புச் சொல்ல வாய்ப்பு குறைவு.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது உள்விதிகள், பங்குதாரர் பதிவேடு, கடந்த மூன்றாண்டு கணக்கறிக்கைகள், வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம், உத்தரவாதப் பத்திரத்தின் நகல், நண்பர் வங்கிக்குக் கொடுத்த கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கம்பெனியின் வழக்கறிஞரை உங்கள் சொந்த வழக்குக்கு அமர்த்தாமல், உங்கள் செலவில் தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கட்டணம் கம்பெனிக் கணக்கிலிருந்து போகக் கூடாது.